வேலியாகிப் போன விமான தளம்

இம்பாலிலிருந்து தெற்கே செல்லும் டிட்டிம் சாலையில், நம்போலை ஒட்டி, வயல்களுக்கு அருகே ஒரு சிறு குன்று. மெய்தெய் மக்களுக்கு அது மைபம் லோட்பா சிங். 1944இல் அங்கே போரிட்ட ராணுவங்களுக்கோ வெறும் ‘2926’. குன்றின் உயரம் அத்தனை அடி. பின்னாளில் ‘ரெட் ஹில்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1944 மே மாதக் கடைசியில் ஜப்பானின் 33ஆம் டிவிஷனைச் சேர்ந்த ஒரு படைப்பிரிவு மேற்கு மலைகளிலிருந்து இறங்கி இந்தக் குன்றைப் பிடித்தது. டிட்டிம் சாலையைத் துண்டிப்பது திட்டம். பத்து நாள்கூட நீடிக்கவில்லை. பீரங்கிகளும் டாங்குகளும் குன்றைச் சல்லடையாக்கின. வந்தவர்களில் திரும்பியவர்கள் மிகச் சிலரே.

குன்றின் அடிவாரத்தில் இப்போது இருப்பது இம்பால் அமைதி அருங்காட்சியகம். ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையின் உதவியுடன் 2019 ஜூன் 22 அன்று திறக்கப்பட்டது. தேதிக்கு ஒரு காரணம் உண்டு. 75 ஆண்டுகளுக்கு முன் அதே நாளில்தான் கோஹிமாவிலிருந்து வந்த படையும் இம்பாலிலிருந்து புறப்பட்ட படையும் சாலையில் சந்தித்தன. மாதக்கணக்கில் நீடித்த முற்றுகை முடிந்தது. ‘அமைதி’ என்று பொருள்படும் ‘ஹெய்வா’ என்ற ஜப்பானியச் சொல்லை அன்றைய பிரதமர் ஷின்ஸோ அபே கைப்பட எழுதித் தந்திருக்கிறார்.

உள்ளே இருப்பவை பளபளக்கும் வெற்றிச் சின்னங்கள் அல்ல. துருவேறிய தலைக்கவசங்கள், தண்ணீர்க் குடுவைகள், தோட்டா உறைகள். மணிப்பூரின் மண் இன்னும் இவற்றைக் கக்கிக்கொண்டிருக்கிறது. வயலிலும் மலைச்சரிவிலும் தோண்டித் தேடி எடுக்கும் உள்ளூர் ஆர்வலர்கள் உண்டு. வெடிக்காத குண்டுகளும் அவ்வப்போது அகப்படுகின்றன.

இந்தப் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்தது அண்மையில்தான். அதற்கு முன் அவை வீட்டுச் சாமான்கள். சேற்று நிலத்தில் விமானம் இறங்குவதற்காக அமெரிக்கர்கள் வடிவமைத்த துளையிட்ட இரும்புத் தகடுகள், படைகள் போனபின் தோட்டத்துக்கு வேலியாயின, ஓடைக்குப் பாலமாயின. பெட்ரோல் டின்கள் தண்ணீர் சுமந்தன. மலைக் கிராமங்களில் குண்டின் வெற்று உறை தேவாலய மணியானது. போரிட்டவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற இரும்போடு மணிப்பூர் குடித்தனம் நடத்தியது.

மணிப்பூரிகள் இரண்டாம் உலகப் போரை ‘ஜப்பான் லான்’ என்கிறார்கள். ‘லான்’ என்றால் போர். அரிசி ஏற்றுமதியை எதிர்த்து 1939 டிசம்பரில் பெண்கள் நடத்திய போராட்டமும் ‘நுபி லான்’தான். அது அவர்களே தொடங்கிய போர். இது வாசல் தேடி வந்த போர். 1942 மே 10 அன்று இம்பால் மீது முதல் குண்டுகள் விழுந்தன. ஊர் காலியானது. அதே மாதங்களில் பர்மாவிலிருந்து தமு வழியாக அகதிகள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். ரங்கூனில் பிழைக்கப் போன தமிழர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

புள்ளிவிவரங்கள் மலைக்க வைப்பவை. ஏறத்தாழ 85,000 பேருடன் வந்த ஜப்பானியப் படையில் சுமார் 30,000 பேர் மாண்டனர். குண்டுக்குப் பலியானவர்களைவிடப் பசிக்கும் நோய்க்கும் பலியானவர்கள் அதிகம். 2013இல் லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில் பிரிட்டனின் மிகப் பெரிய போராக இம்பால், கோஹிமா சமர்களே தேர்வாயின.

‘பிரிட்டன்’ என்பதில் பெரும்பகுதி இந்தியர்கள். 1944 ஏப்ரல் 6 அன்று இம்பாலுக்கு வடக்கே ஒரு குன்றைக் காத்து உயிர்விட்டார் ஜாட் ரெஜிமெண்டைச் சேர்ந்த அப்துல் ஹஃபீஸ். விக்டோரியா கிராஸ் பெற்றார். எட்டே நாள் கழித்து, இதே டிட்டிம் சாலையில் உள்ள மொய்ராங்கில் இந்திய தேசிய ராணுவத்தின் ஷௌகத் மாலிக் மூவண்ணக் கொடி ஏற்றினார். இருவரும் இந்தியர், இருவரும் வீரர்கள், நின்றது எதிரெதிர் அணியில். ஹஃபீஸுக்கு இம்பாலில் கல்லறை, மாலிக் கொடியேற்றிய ஊரில் ஐ.என்.ஏ. நினைவகம். வயலைப் பதுங்குகுழிக்குப் பறிகொடுத்த விவசாயிக்குப் போர்வீரர் கல்லறைகளில் இடமில்லை. அவர் கதைக்கும் இடம் தருவதால்தான் இந்தச் சிறு அருங்காட்சியகம் முக்கியமாகிறது.

ஆனால் வாசலில் எழுதிய சொல் இன்று உறுத்துகிறது. 2023 மே 3 அன்று தொடங்கிய மெய்தெய் - குக்கி மோதலில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் 60,000 பேர் வீடிழந்தனர். போலீஸ் ஆயுதக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் சூறையாடப்பட்டன. அருங்காட்சியகத்தைத் தாண்டி அதே டிட்டிம் சாலையில் போனால் சூராசந்த்பூர். அந்த ஆண்டு, இரு சமூகத்தாரும் சந்திக்காதபடி நடுவே பாதுகாப்புப் படையினர் நிறுத்தப்பட்டனர். மறுபடியும் வயலோரங்களில் பதுங்குகுழிகள் முளைத்தன. இம்முறை தோண்டியவர்கள் வெளிநாட்டவர் அல்லர்.

2019 திறப்பு விழாவில் ஜப்பான் தூதரும் பிரிட்டிஷ் தூதரும் கலந்துகொண்டார்கள். ஒருவரையொருவர் கொன்று குவித்த இரு நாடுகள் அதே குன்றின் அடியில் சேர்ந்து நிற்க 75 ஆண்டுகள் ஆயின. அடுத்தடுத்த ஊர்க்காரர்களுக்கு அத்தனை காலம் ஆகக் கூடாது.