அப்பத்தாவும் மணிமேகலையும் பின்னே ஒரு பாண்டிய நாட்டானும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது 'பொன்னியின் செல்வன்' விமர்சனம் இல்லை. அதை எழுதிக் கிழித்தவர்கள் ஏராளம். இது அந்தக் கதையால் நான் ஒரு நண்பனோடு மூன்று மாதம் பேசாமல் இருந்த கதை. கதைக்காகச் சண்டையா என்று கேட்பவர்கள் இன்னும் அந்த ஐந்து பாகத்தையும் படிக்கவில்லை என்று அர்த்தம் :-)

எனக்கு ஊர் திண்டுக்கல். சோழ நாட்டுக்காரர்கள் ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரையில் சித்ரான்னம் சாப்பிடுவார்கள். எங்களுக்கு இருப்பது குடகனாறு. அதில் தண்ணீர் வந்தாலே செய்திதான். ஆனாலும் அந்த ஆறு அமராவதியில் கலந்து, அமராவதி காவிரியில் கலப்பதால், பொன்னியில் எங்கள் பங்கும் நாலு சொட்டு உண்டு என்று சொல்லிக்கொள்வேன். ஹாஸ்டலில் என் அறைத்தோழன் தஞ்சாவூர்க்காரன். இதைச் சொன்னாலே சிரிப்பான்.

2022 செப்டம்பர் 30 அன்று மணிரத்னத்தின் முதல் பாகம் வந்தது. அதற்கு முன்பே அறையில் போர் தொடங்கிவிட்டது. கல்கி 1950இலிருந்து 1954 வரை வாரா வாரம் எழுதியதை இருவருமே பள்ளி நாட்களில் படித்து முடித்திருந்தோம். அவனுக்குச் சோழர்கள்தான் எல்லாம். எனக்கோ வீரபாண்டியன் தலை விழுந்த இடத்திலிருந்து ஒரு உறுத்தல். ரவிதாசனும் ஆபத்துதவிகளும் மட்டும் ஏன் எப்போதும் இருட்டில், சுடுகாட்டில், ஆந்தை மாதிரிக் கத்திக்கொண்டு வர வேண்டும்? அவர்களும் தங்கள் ராஜாவுக்காகத்தானே வந்தார்கள்? "உங்க ஊர்க்காரனுங்களே சதிகாரப் பயலுகதான்டா" என்று அவன் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் நாலு வார்த்தை அதிகமாகச் சொன்னேன். அதோடு பேச்சு நின்றது.

அடுத்த கூத்து வகுப்பில். ஒரு செமினாரில் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிப் பேச வாய்ப்பு வந்தது. அவனுக்குப் பதில் சொல்கிற வேகத்தில், நந்தினியின் பழிவாங்கலை ஏதோ பானிபட் போரைச் சொல்வது போல விலாவாரியாகச் சொன்னேன். பேராசிரியர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "இது எந்தக் கல்வெட்டுலப்பா இருக்கு?" என்றார். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு யோசித்தால் அவனும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பான் என்று தெரிந்தது.

அன்று ராத்திரிதான் ஒழுங்காகத் தேடிப் படித்தேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 987 வாக்கில். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரையும், அவர்கள் உறவினர்களின் நிலம் பறிக்கப்பட்டதையும் அது சொல்கிறது. ரவிதாசனுக்குப் 'பஞ்சவன் பிரம்மாதிராஜன்' என்ற பட்டம் வேறு. சுடுகாட்டு மந்திரவாதி இல்லை, பட்டம் வாங்கிய அதிகாரி! நந்தினி அதில் இல்லை. வேறு எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

கொலைக்கும் கல்வெட்டுக்கும் நடுவில் உத்தம சோழன் ஏறக்குறைய பதினைந்து வருடம் ஆண்டிருக்கிறான். அந்தக் காலத்தில் ஏன் நடவடிக்கை இல்லை என்று நீலகண்ட சாஸ்திரி அவனைச் சந்தேகப்பட்டார். நிலம் முன்பே பறிக்கப்பட்டிருக்கலாம், கல்வெட்டு அதன் பின்னால் நடந்ததைச் சொல்கிறது என்று மறுப்பவர்களும் உண்டு. ஆக ஆயிரம் வருடமாகியும் வழக்கு முடியவில்லை. கல்கியும் முடித்துவைக்கவில்லை. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தானே ஏற்றுக்கொண்ட பிறகும் வாசகர்கள் எழுபது வருடமாகத் துப்பறிந்துகொண்டிருக்கிறார்கள்.

கல்கி செய்த வித்தை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. அநிருத்தர் அன்பில் செப்பேட்டில் இருக்கிறார். சித்தப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை எனக்கு அரியணை வேண்டாம் என்று அருள்மொழி இருந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இப்படிக் கல்லிலும் செப்பிலும் கிடைத்த தூண்களை நட்டுவிட்டு, நடுவில் இருந்த காலி இடத்தில் நந்தினியையும் பூங்குழலியையும் ஆழ்வார்க்கடியானையும் குடிவைத்துவிட்டார். தூண் எது, ஆள் எது என்று நமக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதனால்தான் படத்தில் ஒரு ஆளை நகர்த்தினால் சரித்திரத்தையே நகர்த்திவிட்டதாகக் கோபம் வருகிறது.

2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்தது. விடுமுறையில் ஊருக்கு வந்தவன் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பத்தாவுக்கு எண்பது நெருங்கிவிட்டது. கண்ணில் புரை. ஆனாலும் "நான் வந்தே தீருவேன்" என்று கிளம்பிவிட்டது. சேந்தன் அமுதன்தான் நிஜமான உத்தம சோழன் என்ற பெரிய முடிச்சைப் படத்தில் எடுத்துவிட்டார்கள். நான் இருக்கையில் நெளிந்தேன். அப்பத்தா அசையவில்லை. விளக்கு போட்ட பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"ஏப்பா, மணிமேகலை வரவே இல்லையே?"

உண்மைதான். கடம்பூர் சம்புவரையர் மகள், வந்தியத்தேவனுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தவள், கடைசியில் அவன் மடியில் உயிரை விட்டவள், படத்திலேயே இல்லை. எனக்கு அது அதுவரை உறைக்கவில்லை. நான் பாண்டியனுக்கு என்ன மரியாதை கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அப்பத்தா சொன்னது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்களாம். வாரா வாரம் அண்ணன் பத்திரிகை வாங்கிவந்து சத்தமாக வாசிக்க, வீடே உட்கார்ந்து கேட்குமாம். அண்ணன் வெளியூர் போன வாரங்களில், அடுத்து என்ன ஆச்சோ என்று பொறுக்கமாட்டாமல், தானே எழுத்துக் கூட்டிப் படித்ததாம். "அப்படிப் படிச்சுத்தான் படிப்பு மறக்காம இருந்துச்சு. கடைசியில மணிமேகலை செத்ததை நான்தான் எல்லாருக்கும் வாசிச்சேன். எங்க ஆத்தா அழுதுச்சு." தைத்து வைத்திருந்த அந்தக் கட்டுகளை எப்போதோ கரையான் தின்றுவிட்டது.

அந்த ராத்திரி தஞ்சாவூர்க்காரனுக்கு நானே போன் செய்தேன். மணிமேகலை விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எனக்கும் தோணலடா" என்றான். அடுத்த வாரமே திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டான். பிரியாணிக்காகத்தான் வந்தேன் என்றான், நம்புகிற மாதிரியே சொன்னான்.

அவனைப் பழனிக்கு மேற்கே ஐவர்மலைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் மாவட்டம்தான். பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள், பக்கத்தில் ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆண்டு என்று அதில் இருக்கிறது. சக ஆண்டும் ஆட்சியாண்டும் சேர்ந்தே இருப்பதால் வரகுணன் 862இல் பட்டத்துக்கு வந்தான் என்று கணக்கிட்டார்கள். பாண்டியர் காலக் கணக்குக்கே அது ஒரு ஆணி.

அந்த வரகுணன் யார் தெரியுமா? திருப்புறம்பியம் போரில் தோற்றவன். நாவலில் ரவிதாசன் கூட்டம் ராத்திரியில் கூடுகிறதே பள்ளிப்படை, அது அந்தப் போரில் பாண்டியனை எதிர்த்து விழுந்த கங்க மன்னன் பிருதிவீபதியுடையது. கதையில் தோற்றுப்போகிற பக்கத்து ராஜா, எங்கள் மலையில் யாரோ ஒரு சமணத் துறவி திருமேனிகளைப் புதுப்பித்ததற்குக் காலம் குறிக்கும் பெயராக அமைதியாக இருக்கிறான். தஞ்சாவூர்க்காரன் அந்த எழுத்துகளை ரொம்ப நேரம் பார்த்தான். "இதுல சதி எதுவும் இல்லையேடா" என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அவன் போன பிறகு அப்பத்தாவுக்கு ஐந்தாம் பாகம், 'தியாகச் சிகரம்', வாசிக்க ஆரம்பித்தேன். தினம் இரண்டு அத்தியாயம், சாப்பாட்டுக்கு அப்புறம். நான் அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டினால், "நில்லு, அங்க இன்னொன்னு இருக்குமே" என்று பிடித்துவிடுகிறது. கடைசி அத்தியாயம் வந்தபோது, "நீ குடு" என்று புத்தகத்தை வாங்கி, கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, அதுவே வாசித்தது.