குதி திருப்பும்போது பேசாதீர்கள்

ஒக்ரோபர் பிறந்தால் எங்கள் வீட்டுக் கதவடியில் இரண்டு பைகள் தொங்கும். ஒன்று போகிற பை, மற்றது இருக்கிற பை. இரண்டுக்குள்ளும் பின்னல்தான். போகிற பையில் உள்ளதைக் கண்ணை மூடிக்கொண்டும் பின்னலாம். சுற்றிச் சுற்றி ஒரே மாதிரிக் கண்ணி. இருக்கிற பையை நான் எடுத்துக்கொண்டு மேசையடிக்குப் போனால் வீட்டில் எல்லோரும் மெல்ல விலகிவிடுவார்கள்.

பின்னத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஸ்காபரோவில் நாங்கள் முதலில் இருந்த அடுக்குமாடியில், உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்து, ஸ்கொட்லாந்துக்காரக் கிழவி ஒருவர் கற்றுத் தந்தார். நிட், பேர்ல் இரண்டும் ஒரு வாரத்தில் கைவந்தன. எந்தப் பின்னலை எந்த இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது விளங்கத்தான் வருடக்கணக்கானது. ஒருமுறை அரங்கேற்றம் ஒன்றுக்குச் லேஸ் பின்னல் சால்வையைக் கொண்டுபோனேன். வர்ணம் முடிவதற்குள் பதினாறு வரி பிழைத்துவிட்டது. பிள்ளை நன்றாக ஆடினாளா என்று கேட்டவர்களுக்கும் ஒழுங்கான பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் போச்சு.

2024ஆம் ஆண்டு ஒக்ரோபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 3ஆம் திகதி நவராத்திரி தொடக்கம், 14இல் தாங்ஸ்கிவிங், 31இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில். இதற்கிடையில் மாமிக்கு ஒரு சோடி மேசு பின்னி முடிப்பதாக வாய்விட்டுவிட்டேன்.

காலுறையை மேசு என்றுதான் நாங்கள் சொல்வோம். சப்பாத்தைப்போல இதுவும் போர்த்துக்கேயன் விட்டுப்போன சொல். யாழ்ப்பாணத்து வெக்கையில் மேசு பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மட்டும் காலில் ஏறும். இங்கே மாமி செப்டெம்பரில் போட்டால் மே மாதம்வரை கழற்றமாட்டார். நீரிழிவு. பின்னேரமானால் கால் வீங்கும். கடை மேசின் இலாஸ்ரிக் கெண்டைக்காலில் வளையம் பதித்துவிடும்; நுனியில் இருக்கிற தையல் சுண்டுவிரலை அரிக்கும்.

"கடையிலை பத்து டொலருக்கு ஆறு சோடி தாறான். நீ ஒரு மாதமா ஒரு சோடியோ?" என்றார். நூல் மட்டுமே முப்பது டொலருக்கு மேல். விலைச்சீட்டை அவர் காணமுன் கிழித்து எறிந்துவிட்டேன்.

காலளவைப் பின்னேரம்தான் எடுத்தேன், வீக்கத்தோடு. மேசு என்பது காலைவிடப் பத்தில் ஒரு பங்கு சிறிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டிப் பிடிக்கும் என்பது பின்னுகிறவர்களின் கணக்கு. பாதத்துக்கு அந்தக் கணக்கை வைத்துக்கொண்டேன்: 64 கண்ணி. மேல்பகுதிக்கு அது உதவாது. அங்கே 72இல் தொடங்கி, கணுக்கால்வரை மெல்ல மெல்லக் குறைத்துவந்தேன்.

நூலின் நிறத்தில் ஏமாந்த கதையும் உண்டு. றூஜ் தேசிய நகரப் பூங்கா எங்கள் வீட்டிலிருந்து பக்கம். மாத முதல் கிழமை அங்கே நடக்கப் போனோம். மேப்பிள் இலையில் மஞ்சள் முதலே இருக்கிறதாம், பச்சை வடிந்ததும் வெளியே தெரிகிறது; சிவப்பைத்தான் மரம் அந்த நேரத்தில் புதிதாக உண்டாக்குகிறது. அந்த இரண்டு நிறமும் சேர்ந்த கைச்சாய நூல் ஒன்றை அந்த மயக்கத்திலேயே போய் வாங்கினேன். கழியாக இருக்கும்போது றூஜ் காடேதான். பின்னிப் பார்த்தால் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு, பின்பக்கம் முழுக்க மஞ்சள், ஏதோ கறி ஊற்றுப்பட்டதுபோல. சாய நூலில் நிறம் மாறும் தூரமும் ஒரு சுற்றின் நீளமும் ஒத்துவந்துவிட்டால் இப்படித்தான் திட்டுத்திட்டாகக் குவியும். மாமிக்கு அது பிடித்திருந்தது. "கண் தெரியாத எனக்கும் எது முன், எது பின் எண்டு விளங்கும்" என்றார்.

நடந்துகொண்டு பின்னுவது எனக்கு வராது. ஷெட்லாண்ட் தீவுப் பெண்கள் முதுகில் கரிமண் கூடையைச் சுமந்தபடியே பின்னிக்கொண்டு நடந்ததைப் பழைய புகைப்படங்களில் காணலாம். நான் வாங்கில் இருந்தால்தான்.

வாசிப்புக்கும் அந்த இரண்டு பைச் சட்டம்தான். மேசின் மேல்பகுதியை அ. முத்துலிங்கத்தின் கதைகளோடு பின்னினேன். சின்னச் சின்ன வசனம், ஒரு பார்வையில் உள்ளே போய்விடும். சிரிக்கும்போது மட்டும் ஊசியை நிறுத்த வேண்டும். அலிஸ் மன்றோவை அப்படி வாசிக்க முடியாது. ஒரு பந்தியில் முப்பது வருடம் பின்னால் போய்விடுவார், நாமும் பக்கத்தைப் பின்னால் புரட்ட வேண்டும், அதற்கு ஒரு கை வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் அவர் இறந்தபோது, இலையுதிர்காலத்தில் மறுபடி முழுவதும் வாசிப்பதென்று எடுத்து வைத்திருந்தேன். யூலையில் அவருடைய மகள், சின்ன வயதில் மாற்றாந்தகப்பனால் தனக்கு நேர்ந்ததையும், அது தெரிந்த பிறகும் அம்மா அந்த மனிதரோடேயே இருந்ததையும் எழுதினார். புத்தகம் எடுத்து வைத்த இடத்திலேயே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

11ஆம் திகதி வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை. அதற்கு முதல்நாள்தான் எழுத்தாளர் ஹான் காங்குக்கு நோபல் பரிசு என்ற செய்தி வந்திருந்தது. நூலகத்தில் அவருடைய புத்தகத்துக்கு நானும் பெயரைப் பதிந்துவிட்டிருந்தேன். ஆனால் பூசையன்று புத்தகம் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் கும்பம் வைத்து, புத்தகங்களை அடுக்கி, அவரவர் தொழில் சாமானையும் பக்கத்தில் வைப்போம். என் கணவருடைய அளவு நாடா, மகளின் கல்குலேற்றர். "உன்ரை ஊசியும் ஆயுதம்தான், கொண்டுவந்து வை" என்றார் மாமி. ஃபோனையும் வைக்கச் சொன்னார். அதற்கு மட்டும் எல்லோருக்கும் காது கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் மேசு குதி மடலில் நின்றது. 32 கண்ணி, 32 வரி, சதுரத் துண்டாக முடிந்திருந்தது. இரவு குதி திருப்புவதாக இருந்தேன். இரும்பு ஊசியோடு அப்படியே கும்பத்தடியில் வைத்தேன். மாமி ஒரு செவ்வந்திப் பூவை எடுத்து அதன்மேல் சாத்தினார். பூவின் காம்பு ஊசியில் பட்டது. ஊசி நழுவியது.

பதினொரு கண்ணிகள் பிடியில்லாமல் வெறுமனே நின்றன. நான் கையை நீட்டிவிட்டேன்.

"தொடாதை. சாமிக்கு வைச்சாச்சு."

செம்மறி மயிரில் மீன் செதிள் போன்ற அடுக்கு உண்டு. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், ஊசி போனாலும் கண்ணி உடனே ஓடாது. ஆனால் மெஷினில் தோய்க்கக்கூடிய கம்பளிக்கு அந்தச் செதிளை மழுக்கிவிடுவார்கள். மாமிக்குத் தோய்க்க இலகு என்று நான் வாங்கியதும் அந்த வகைதான். வழுக்கும். அன்றிரவு அவல் எடுக்கப் போன இவர் கும்பத்தடியைத் தாண்டும்போது நான் கட்டிலில் இருந்தே, "மெதுவா நடவுங்கோ!" என்று கத்தினேன்.

விஜயதசமிக் காலையில் தங்கையின் மகனுக்கு எங்கள் வீட்டில் ஏடு தொடக்கினார்கள். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, மாமி அவன் விரலைப் பிடித்து 'அ' எழுதினார். அவன் சுழியோடு நின்றுகொண்டு அரிசியைத் தின்னத் தொடங்கினான். தட்டை எடுத்ததும் நான் மேசை எடுத்தேன். மூன்று கண்ணி இரண்டு வரி கீழே ஓடியிருந்தது, ஏணிப்படிபோல. குரோஷா ஊசியைக் கீழ்க்கண்ணிக்குள் விட்டு, படி நூலைக் கொழுவி இழுத்தால் ஒரு கண்ணி மேலே ஏறும். மறுபடி அடுத்த படி. மடலின் வெளிப்பக்க வரிகளில் ஒன்றைத் தூக்கியும் ஒன்றைப் பின்னியும் வந்திருந்தேன், ஆகவே எந்தப் படியைக் கொழுவுவது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். இப்போதும் உற்றுப் பார்த்தால் ஒரு கண்ணி மற்றவற்றைவிட இளகி நிற்பது தெரியும்.

அதோடு எழும்பாமல் குதியைத் திருப்பினேன். தட்டையாக வந்த துண்டைக் கிண்ணமாக்குகிற இடம் இது. 18 கண்ணி பின்னு, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு, இன்னும் ஒன்று பின்னு. மற்றப் பதினொன்றையும் விட்டுவிட்டு நடுவழியிலேயே திரும்பு. ஒன்றைத் தூக்கு, ஐந்து பேர்ல், இரண்டைச் சேர், ஒன்று, மறுபடி திரும்பு. இந்தப் பக்கமும் பதினொன்று மிச்சம். திரும்பிய இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழும். அடுத்த வரியில் அந்த இடைவெளிக்கு இரண்டு பக்கமும் நிற்பதைச் சேர்த்துக் கட்ட வேண்டும். இப்படி 14 வரி. 32 கண்ணி 18 ஆகும்போது கையில் ஒரு குழி இருக்கும், குதிக்காலை அதற்குள் வைக்கலாம். முழுதாகக் கால்மணி நேர வேலை. ஆனால் ஐந்தா ஆறா என்பதை யாராவது "தேத்தண்ணி குடிக்கிறியோ" என்று கேட்டால் இழந்துவிடுவேன்.

மாமி எதிரே வந்து இருந்தார். பேசவில்லை. கடைசி வரி முடிந்து நான் தலையை நிமிர்த்தியதும் மேசை வாங்கிக் குழிக்குள் பெருவிரலை விட்டுப் பார்த்தார்.

"இது கடகத்து மூலையெல்லோ."

வடமராட்சியில் சின்ன வயதில் பனையோலைக் கடகம் இழைத்தவர் அவர். தெரியும், ஆனால் நான் ஒருநாளும் அதைப்பற்றிக் கேட்டதில்லை. அடியைத் தட்டையாக இழைத்துக்கொண்டு வந்து, மூலையில் இரண்டு பக்க ஓலையையும் குறுக்கே விட்டு இழுத்தால் அதுவரை பாயாகக் கிடந்தது எழும்பி நிற்கும் என்று கையாலேயே காட்டினார், ஓலை இல்லாமல், காற்றில். விரல்கள் மறக்கவில்லை. "ஒரு மூலை பிசகினால் கடகம் கோணும். மூலை எழுப்பேக்கை ஆச்சி ஒருத்தரையும் கதைக்க விடமாட்டா. மற்ற நேரமெல்லாம் ஊர்க்கதைதான்."

ஆச்சியிடமும் இரண்டு பை இருந்திருக்கிறது.

தாங்ஸ்கிவிங் திங்களன்று வீடு நிறையச் சனம். வான்கோழி வேண்டாமென்று கோழிக்கறியும் புட்டும். பாதப் பகுதி அன்றைக்குத் தொடங்கியது, பேச்சோடு பேச்சாக விரலளவு வளர்ந்தது.

19ஆம் திகதி சனிக்கிழமை மகளைக் கொண்டுபோய் வாட்டர்லூவில் விடப் போனோம். 401 நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். இவர் ஓட்ட, நான் பக்கத்தில். பாதம் என்பது காருக்கென்றே செய்த வேலை, சுற்றிக்கொண்டே போகலாம். "அம்மா, வெளியிலை பாருங்கோ, இலையெல்லாம் விழப் போகுது" என்றாள் மகள். பார்த்தேன். பின்னிக்கொண்டுதான் பார்த்தேன். சென்ற் ஜேக்கப்ஸ் சந்தையில் மெனனைற் மக்களின் குதிரை வண்டிகள் நின்றன. அப்பிள் பிரிட்டரை ஒரு கடி கடித்துவிட்டு, "வாய்ப்பனுக்கு அப்பிள் போட்டிருக்கிறாங்கள்" என்று மாமி தீர்ப்புச் சொன்னார்.

வழியில் கிச்சினர் நகரம். 1916வரை அதன் பெயர் பேர்லின். ஜேர்மனியோடு யுத்தம் நடந்தபோது பெயரை மாற்றி, அந்த ஆண்டு கடலில் மாண்ட பிரித்தானியத் தளபதி கிச்சினரின் பெயரை வைத்தார்கள். மேசின் நுனியைத் தையல் தடிப்பில்லாமல் மூடும் முறைக்கும் அவர் பெயர்தான். சிப்பாய்களின் விரல் புண்படாமல் இருக்க அவரே சொல்லிச் செய்வித்தார் என்று கதை. உறுதியான சான்று இல்லை என்கிறார்கள். போயர் யுத்தத்தில் பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்ததற்கும் இதே கிச்சினர்தான் பொறுப்பு. முகாம் என்றால் என்னவென்று அறிந்த கால்கள்தான் காரின் பின்சீற்றில் இருந்தன. அந்தப் பெயரில்லாமல் அந்த மூடலுக்கு எனக்கு வேறு பெயர் தெரியாது. மாமிக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, எல்லோரும் படுத்த பிறகு, மேலே எட்டும் கீழே எட்டுமாக நின்ற கண்ணிகளை அந்த முறையிலேயே மூடினேன். ஒரு மேசு முடிந்தது.

ஒன்று முடிந்ததும் மற்றதைத் தொடங்க மனம் வராது என்பது மேசு பின்னுகிற எல்லோருக்கும் வருகிற வியாதி. எனக்குப் பத்து நாள் பிடித்தது. 31ஆம் திகதி இரண்டாவது மேசு கணுக்காலைக்கூடத் தாண்டவில்லை. அன்றைக்கு ரொறன்ரோவில் ஒக்ரோபருக்குச் சேராத வெக்கை. பிள்ளைகள் வேடத்துக்கு மேல் குளிர்ச்சட்டை போடாமலே வந்தார்கள். வாசலில் இரண்டு விளக்கு ஏற்றி, மாமி கதவடியில் கதிரை போட்டு இருந்தார். மடியில் சொக்லேற் சட்டி. எலும்புக்கூடு ஒன்றும், இரண்டு சிலந்தி மனிதர்களும், ஒரு பூசணிக்காயும் வரிசையில் நின்றன. பூசணிக்காய் குனிந்து அவருடைய காலையே பார்த்தது. இடதில் சிவப்பும் மஞ்சளுமாக என் மேசு, வலதில் கடைச் சாம்பல் மேசு.

நான் போகிற பையை எடுத்துக்கொண்டு படியில் இருந்தேன். மாமி திரும்பாமலே கேட்டார்:

"மற்றது எங்கை நிக்குது?"

"குதிக்கு வருது, மாமி."

"அப்ப உள்ளை போய் இரு. இதுகளை நான் பாக்கிறன்."