திண்ணைக்கும் அனுமதி வேண்டும்

என் பிறந்தகம் திருவள்ளூர். வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. அமாவாசைக்கு அமாவாசை குளத்தில் ஸ்நானம் செய்ய வெளியூர் ஜனங்கள் வந்து குவிவார்கள். முதல் நாள் இரவே வந்துவிடுகிறவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கொள்வார்கள். "யார், எந்த ஊர்?" என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. வழிப்போக்கர் வீட்டுக்குள்ளா வருகிறார்? விடிந்தால் போய்விடப் போகிறார்!

ஆகாய விமானப் பிரயாணத்திலும் இப்படி ஒரு திண்ணை உண்டு. ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் வரையில், ஊருக்குள் போகாமல் காத்திருக்கும் இடம். அந்தத் திண்ணையில் உட்காருவதற்குக் கூடச் சில தேசங்களில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்ற விஷயம் 2023-ஆம் வருஷம் வரையில் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொண்ட விதத்தைக் கேளுங்கள்.

அந்த வருஷம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். நான் வாழ்க்கைப்பட்டிருப்பது கும்மிடிப்பூண்டியில். என் கணவருக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே ஜில்லா என்றுதான் பேர். ரயிலில் போவதென்றால் சென்ட்ரலுக்கு வந்து வண்டி மாறியாக வேண்டும். நல்ல வேளை, அதற்கு யாரும் விசா கேட்பதில்லை!

என் தங்கை ஏழு வருஷமாக அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கிறாள். சதாபிஷேகத்துக்கு முதல் நாளே வந்து சேரும்படி, ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் விமானம் மாறுகிற டிக்கெட்டாக வாங்கியிருந்தாள். விலையும் கொஞ்சம் மலிவு. அவள் புறப்பட வேண்டிய சமயம் எங்களுக்கு விடியற்காலை. டெலிபோன் மணி அடித்தது.

"அக்கா, என்னை விமானத்தில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள்!"

அவள் அழுத அழுகையில் எனக்கு முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. பிறகு மெள்ள மெள்ளச் சொன்னாள். அவள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அமெரிக்க விசாவின் தேதி முடிந்து போயிருந்தது. அங்கே தொடர்ந்து தங்கி வேலை பார்க்க அனுமதியை நீட்டித்த காகிதம் மட்டும் கையில் இருந்தது. சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புது விசா ஒட்டிக்கொண்டு திரும்பலாம் என்று நினைத்திருக்கிறாள். கவுண்ட்டரில் இருந்த பெண்மணி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காகிதம் அமெரிக்காவில் இருப்பதற்குப் போதும். பிராங்பர்ட்டில் விமானம் மாறுவதற்குப் போதாது" என்று சொல்லிவிட்டாளாம்.

அந்தப் பெண்மணியைக் கோபித்துப் பயனில்லை. உரிய தஸ்தாவேஜு இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமானக் கம்பெனிக்கு அபராதம். திருப்பி அழைத்துப் போகிற பொறுப்பும் அதன் தலையில்தான்.

பிற்பாடு விசாரித்ததில் விவரம் புரிந்தது. நாம் எந்தத் தேசத்தில் குடியிருக்கிறோம் என்பதை விட, கையில் எந்தத் தேசத்துப் பாஸ்போர்ட் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். விமான நிலையத் திண்ணைக்கே விசா வேண்டும் என்று ஐரோப்பியக் கூட்டு விதியில் 12 தேசங்களின் பட்டியல் இருக்கிறது. இலங்கை அதில் ஒன்று. எங்கள் கும்மிடிப்பூண்டியில் உள்ள முகாமில் இலங்கைத் தமிழர்கள் எத்தனையோ வருஷமாக வசிக்கிறார்கள். அவர்களுடைய உறவினர் இலங்கைப் பாஸ்போர்ட்டுடன் அந்த வழியாகப் போனால் இந்த விதி அவர்களையும் பிடிக்கும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை; ஜெர்மனி தனியாக நம்மைச் சேர்த்து வைத்திருந்தது.

விலக்கும் உண்டு. அமெரிக்கா, கானடா, ஜப்பான் ஆகிய தேசங்களின் காலாவதியாகாத விசா இருந்தால் அந்தத் திண்ணைக்குத் தனி விசா வேண்டாம். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கான பச்சை அட்டை இருந்தாலும் வேண்டாம். என் தங்கையிடம் இருந்த காகிதம் இந்த இரண்டிலும் சேராது.

இன்னொரு சூட்சுமம். பிராங்பர்ட்டில் இறங்கி, மியூனிக் போய், அங்கிருந்து கடல் கடந்து போவதாக வைத்துக்கொள்வோம். அப்போது திண்ணையைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே நுழைந்தாகிவிட்டது. முழு விசா வேண்டும். தனித்தனி டிக்கெட் வாங்கி, நடுவில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டியிருந்தாலும் அதே கதிதான். லண்டனுக்கோ வேறு சட்டம், வேறு நிபந்தனை.

விதிகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. 2026 ஜனவரியில் ஜெர்மன் சான்சலர் மெர்ஸ் நம் தேசத்துக்கு வந்தபோது, இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்த வழி விசா இனி வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. ஆகையால் பக்கத்து வீட்டு மாமி போன வருஷம் போய் வந்தாளே என்று நம்பக் கூடாது. டிக்கெட் வாங்குமுன் அந்தந்தத் தேசத்துத் தூதரகமும் விமானக் கம்பெனியும் இன்றைக்கு என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

அன்று என் தங்கை என்ன செய்தாள் என்கிறீர்களா? கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு, துபாய் வழியாக வேறு டிக்கெட் வாங்கினாள். வந்து சேர்ந்தபோது சதாபிஷேகத்தன்று சாயங்காலம். ஹோமம், அபிஷேகம், சாப்பாடு எல்லாம் முடிந்து, பந்தலில் வாழைமரம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா பூஜை அறைக்குள் போய் ஒரு சிறு செம்பைக் கொண்டுவந்தார். கலச தீர்த்தம். காலையில் எல்லோரும் தலையில் ஊற்றியபோது, அதில் ஒரு செம்பு தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார். எனக்குக்கூடத் தெரியாது.

"இது உன் பங்கு, குழந்தே" என்று கிணற்றடியில் போய் அம்மாவுடன் உட்கார்ந்துகொண்டார். அவள் இருவர் தலையிலும் ஊற்றினாள். கை நடுங்கியது.

தலையைத் துவட்டிக்கொண்டே அப்பா சிரித்தார்.

"இந்த ஊருக்குத் திருஎவ்வுள் என்று எப்படிப் பேர் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? பெருமாள் கிழவராக வந்து, சாலிஹோத்ர ரிஷி கொடுத்த அன்னத்தைச் சாப்பிட்டுவிட்டு, 'படுத்துக்கொள்ள எவ்வுள்?' என்று கேட்டாராம். பெருமாளே இடம் கேட்டுக்கொண்டுதான் படுத்தார். நீ கேட்காமல் டிக்கெட் வாங்கிவிட்டாயே, அம்மா!"