மூன்றாம் நாள் இழுப்பு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் புற நோயாளிப் பிரிவு முழுக்க இழுப்புக் குழந்தைகள்தான். அம்மாக்களில் பலர் விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறியிருப்பார்கள். குழந்தையைத் தூக்கி வருவது அம்மாச்சி. முதல் இரண்டு நாள் மூக்கொழுகல், மூன்றாம் நாள் விலா உள்வாங்கி நெஞ்சு கர்கர்ரென்று இழுக்கும். "டாக்டரம்மா, இவன் அண்ணனுக்குப் போட்ட இழுப்பு ஊசியவே போட்டு விடுங்க."

அந்த ஊசி டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மலிவானது, கைக்கு எட்டும் இடத்திலேயே இருப்பது. பிராங்கியோலைட்டிஸ் என்ற இந்த இழுப்பு நோயில் அதை எடுக்காமல் இருப்பதுதான் எனக்குக் கடினமான வேலை.

பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. வைரஸ் கொண்டுவரும் நோய் இது. மூச்சுக்குழாயின் நுனிக் கிளைகள் வீங்கி, உதிர்ந்த செல்லும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். ஆஸ்துமாவிலும் இதே சத்தம் கேட்கும். ஆனால் அந்த அழற்சி வேறு வகை, ஸ்டீராய்டுக்கு அடங்கும். இது அடங்குவதில்லை. 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 600 குழந்தைகள். டெக்ஸா குடித்தவர்களிலும் குடிக்காதவர்களிலும் வார்டில் சேர்க்க நேர்ந்தது ஏறத்தாழ 40 சதவீதம். 2009-இல் கனடாவில் 800 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். அட்ரினலின் ஆவியோடு டெக்ஸாவும் சேர்த்தபோது ஒரு வாரத்துக்குள் சேர்க்கை 26 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது போலத் தெரிந்தது. ஆசை காட்டிய எண்தான். ஆனால் பல ஒப்பீடுகளுக்கான திருத்தத்தைப் போட்டதும் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வேண்டாம் என்றே எழுதியது.

பிறகு ஊசிக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி வந்தது? நோய் உச்சத்துக்குப் போவது மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். அம்மாச்சி ஓடி வருவதும் அப்போதுதான். அதன் பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்கு ஊசி இல்லாமலே இழுப்பு தணியும். போட்டிருந்தால் பெயர் ஊசிக்குப் போகும். போட்ட டாக்டரும் அதை நம்பிவிடுகிறார் என்பதுதான் என் கவலை.

ஸ்டீராய்டைக் காட்டி யாரையும் நான் பயமுறுத்துவதில்லை. நாய் குரைப்பது போல இருமும் குரூப் நோய்க்கு ஒரே வேளை டெக்ஸா கொடுத்து, குழந்தை தேறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஊசி இல்லையென்றால் வேறு என்ன? சட்டையைக் கழற்றி முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறேன். அம்மாச்சியையும் கூடவே எண்ணச் சொல்கிறேன். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டால் அது வேக மூச்சு. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தால், சற்று முன் மார்பைத் தள்ளிய குழந்தை பல நேரம் பால் குடிக்கும். இந்த வயதில் மூச்சு பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே போனால் ஆக்சிஜன். குடிக்கவே முடியாவிட்டால் குழாய் வழியே பால். மூச்சு விட்டு விட்டு வந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ 108-இல் ஏற்றி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அனுப்புகிறேன். குறைமாதக் குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை என்றால் நிலைமை அவ்வளவு முற்றும் வரை காத்திருப்பதுமில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது விறகடுப்புப் புகை, பீடிப் புகை இரண்டையும் குழந்தைக்கு எட்டாமல் வைக்கச் சொல்கிறேன். இழுப்பு அடங்கினாலும் இருமல் இரண்டு மூன்று வாரம் இருக்கும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், பத்தாம் நாள் வேறொரு கிளினிக்கில் அதே ஊசியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.