பெரியப்பாவோட பைனாகுலர்

உங்க வீட்டு பீரோ மேல பழைய பைனாகுலர் ஏதாவது கிடக்கா? வார் அறுந்து, உறை பிஞ்சு, உள்ள பார்த்தா மூடுபனி மாதிரி? அதைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, இல்ல என்னை மாதிரி விற்கக் கிளம்பறதுக்கு முன்னாடி, இதைக் கொஞ்சம் படிச்சுடுங்க.

எங்க வீட்டுல இருந்தது பெரியப்பாவோடது. அவர் கப்பல்ல ஆயிலரா வேலை பார்த்தவர். ஒடெசா துறைமுகத்துல இறங்கினப்ப வாங்கினாராம். 8×30. அதாவது எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 30 மில்லிமீட்டர் அகலம். வரிசை எண் 83-ன்னு ஆரம்பிக்கும். சோவியத் கருவிகள்ல முதல் ரெண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரிச்ச வருஷம். அப்ப என்னைவிட அது இருபது வயசு மூத்தது.

நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம்னு ஒரு ஊர். 1994-லேயே பறவைகள் சரணாலயமா அறிவிச்சுட்டாங்க. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ள வீட்டு மரத்துலயே கூடு கட்டும். குளிர்காலத்துல இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வரும். பெரியப்பா கப்பல் வேலையை விட்டு வந்ததுல இருந்து மார்கழி, தை மாசம் ஞாயித்துக்கிழமை காலையில அந்தக் குளத்தங்கரையிலதான் இருப்பார். ஸ்கூட்டர் பின் சீட்டுல நான்.

நான் ஒன்பதாவது போனப்ப அவர் போறதை நிறுத்திட்டார். "கொஞ்ச நேரம் பாத்தாலே தலை வலிக்கில. வயசாயிட்டுல்லா"ன்னு சொன்னார். ரெண்டு தடவை மூக்குக் கண்ணாடியை மாத்தியும் சரியாகல. பைனாகுலர் பீரோ மேல போயிடுச்சு.

போன செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்குப் பணம் தேவைப்பட்டுச்சு. "இதைக் கொடுத்துரட்டா பெரியப்பா?"ன்னேன். "எடுத்துட்டுப் போ"ன்னுட்டார்.

டவுன்ல கேமரா ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர்கிட்ட கொண்டுபோனேன். முன் லென்ஸ் வழியா டார்ச் அடிச்சு உள்ள பார்த்தார். அப்புறம் கடை வாசல்ல நின்னு எதிர்ல இருந்த மின்கம்பத்தைப் பார்த்தார். பார்த்துக்கிட்டே பைனாகுலரை மெதுவா கண்ணுல இருந்து தள்ளிக் கொண்டுபோனார்.

"நானூறு ரூவா தேறும் தம்பி. பூஞ்சை புடிச்சிருக்கு, அது பெரிய விஷயமில்ல. ஆனா இது எங்கயோ கீழ விழுந்திருக்கு. ரெண்டு குழாயும் ரெண்டு இடத்தைப் பாக்குது. இதுல பார்த்தா தலைவலி வந்திருக்குமே?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. அது விழுந்தது எனக்குத் தெரியும். போட்டதே நான்தான்.

எட்டாவது படிக்கிறப்ப. பெரியப்பா டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்கூட்டர் சீட்டுல வச்சிருந்ததை நான் ஏறப்போய் தட்டிவிட்டுட்டேன். தார் ரோட்டுல விழுந்துச்சு. தூசியைத் துடைச்சுட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகாத மாதிரிதான் இருந்துச்சு. சின்னத் தப்புன்னா கண்ணும் மூளையும் சேர்ந்து ரெண்டு படத்தையும் எப்படியோ ஒட்டவச்சுடும். வயசானவங்க கண்ணுக்கு அது பெரும்பாடு. பெட்டியில வச்சு மூடினேன். யார்கிட்டயும் சொல்லல.

"நான் செஞ்சா கூலியே ரெண்டாயிரம் ஆகும். மெக்கானிக்கல்தானே படிக்க? நீயே பிரி, மாட்டிக்கிட்டா வா"ன்னார் பெரியவர்.

மூணு சனிக்கிழமை ஆச்சு. நீங்க செஞ்சு பார்க்கிறதா இருந்தா இதைக் கவனிச்சுக்கோங்க.

ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் ரெண்டு முப்பட்டகம் இருக்கும். தலைகீழா விழற படத்தை நிமிர்த்தறது அதுங்கதான். இத்தாலிக்காரர் போரோ 1854-ல காப்புரிமை வாங்கின அமைப்பு. கழட்டறதுக்கு முன்னாடி எது எந்தப் பக்கம்னு பென்சில்ல குறிச்சுக்கோங்க. நான் முதல் தடவை குறிக்கல. திரும்ப மாட்டினப்ப ஒரு பக்கத்துல மட்டும் உலகமே சாய்ஞ்சு தெரிஞ்சது. ரெண்டு முப்பட்டகத்துக்கும் நடுவுல இருக்க வேண்டிய செங்கோணம் ஒரு டிகிரி தப்பினா, படம் ரெண்டு டிகிரி சாயும்.

பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். முதல்ல தூசியை ஊதி எடுத்துட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிசு துணியால நடுவுல இருந்து வெளிப்பக்கமா லேசாத் துடைக்கணும். தேய்க்கக் கூடாது. ரொம்ப நாள் விட்டா பூஞ்சை லென்ஸ் மேல இருக்கிற பூச்சையே அரிச்சுடும். என்னோடதுல இடது பக்கம் அப்படி ஒரு தழும்பு, போகவே இல்ல.

அந்தப் பூச்சு சாதாரண விஷயமில்ல. பூச்சில்லாத கண்ணாடியில ஒவ்வொரு பரப்புலயும் ஏறக்குறைய 4 சதவீதம் வெளிச்சம் திரும்பிப் போயிடும். ஒரு குழாய்ல பத்து பரப்புன்னு வச்சுக்கோங்க. 0.96-ஐ பத்து தடவை பெருக்கிப் பாருங்க, மூணுல ஒரு பங்கு வெளிச்சம் காலி. 1935-ல ஜெர்மனியில ஸ்மாகுலா இதுக்காகக் கண்டுபிடிச்ச பூச்சுதான் பழைய லென்ஸ்ல ஊதாவாவோ நீலமாவோ மின்னுது. பழசு வாங்கப் போனா அந்த நிறத்தைப் பாருங்க. சந்தையில கிடைக்கிற ரத்தச் சிவப்பு லென்ஸைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, அதுல பறவையோட நிறமே மாறிடும்.

கடைசி வேலைதான் கஷ்டம். விழுந்த வேகத்துல ஒரு முப்பட்டகம் அதோட குழியை விட்டு நகர்ந்திருந்தது. அதைச் சரியா உக்காரவச்சதும் பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சு. மீதிக்கு முன் லென்ஸைச் சுத்தி ரெண்டு மோதிரம் இருக்கும். ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெல்லிசு. அதைத் திருகினா லென்ஸ் மயிரிழை நகரும். மாடியில நின்னு தூரத்து மின்கம்பத்தோட குறுக்குச் சட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் திருகினேன். பெரியவர் செஞ்ச மாதிரி பைனாகுலரைக் கண்ணுல இருந்து தள்ளிப் பிடிச்சா, ரெண்டு வட்டத்துலயும் அந்தச் சட்டம் ஒரே மட்டத்துல தெரியணும். மூணாவது சனிக்கிழமை சாயங்காலம் தெரிஞ்சது.

கணக்குப் பார்த்தா நஷ்டம்தான். இப்ப வித்தா ஆயிரத்தைந்நூறு, ரெண்டாயிரம் வரும்னு பெரியவர் சொன்னார். என் மூணு சனிக்கிழமைக்கு அது கட்டாது. ஏழெட்டாயிரம் போட்டுப் புதுசு வாங்கினா இதைவிட வெளிச்சமாவே தெரியும். அதையும் மறைக்கல. ஆனா விற்கிற எண்ணம் அன்னைக்கே போயிடுச்சு.

பெரியப்பாவை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கையில கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். தலை வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னார்.

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல பெரியப்பா. எட்டாவது படிக்கும்போது நான் கீழ போட்டுட்டேன். சொல்லல."

"ஏழு வருஷம்ல"ன்னார். வேற எதுவும் சொல்லல. கீழ இறங்கிப் போயிட்டார். ராத்திரி சாப்பிடும்போதும் பேசல.

மறுநாள் ஞாயிறு. விடியறதுக்கு முன்னாடி ஸ்கூட்டர் கிளம்பற சத்தம் கேட்டுச்சு. என்னை எழுப்பல. பத்து மணிக்கு வந்தவர் பைனாகுலரை என் மேசையில வச்சார்.

"இடது பக்கம் லேசா மங்கலா இருக்குல. என்னன்னு பாரு."

"அது தழும்பு பெரியப்பா, போகாது."

"சரி, இருக்கட்டும்"னார். வாத்து வந்திருக்கான்னு கேட்டேன். "அடுத்த வாரம் வெள்ளன எந்திரி"ன்னுட்டு உள்ள போயிட்டார்.

உங்க வீட்டுல இருக்கிறதை இன்னைக்கு எடுத்து, தூரத்துல இருக்கிற ஒரு கம்பத்தைப் பாருங்க. வீட்டுல யாராவது "எனக்குக் கண்ணு தெரியல"ன்னு அதை ஓரமா வச்சிருந்தா, முதல்ல பைனாகுலரைச் சோதிச்சுப் பாருங்க. சூரியனை மட்டும் அதுல பார்த்துடாதீங்க. அப்புறம், அதைக் கீழ போட்டது நீங்கன்னா சீக்கிரம் சொல்லிடுங்க.