அலுமாரிக்குள் இருந்த சிங்கம்

எங்கள் வீட்டு அலுமாரி பலா மரத்தில் செய்தது. அம்மம்மா மன்னாரிலிருந்து கலியாணம் கட்டிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்ததாம். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டில் பாதி இடத்தை அதுவே பிடித்திருந்தது. கதவைத் திறந்தால் பூச்சி உருண்டை மணக்கும். மேல் தட்டில் கோயிலுக்குக் கட்டும் சேலைகள். நடுத்தட்டில் காய்ந்த குருத்தோலைச் சிலுவை, மெழுகுதிரித் துண்டுகள், ஓரம் கிழிந்த வியாகுலப் பிரசங்கப் புத்தகம்.

1990 தவக்காலத்தில் அந்த அலுமாரிக்குள் ஒரு சிங்கம் வந்து சேர்ந்தது. லண்டனில் இருந்த பெரியம்மா, ஊருக்கு வந்த ஒருவரிடம் வீடியோ கசெட் ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தா. சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகளில் முதலில் வந்தது அது: ஒரு சிங்கம், ஒரு சூனியக்காரி, ஒரு அலுமாரி. பிபிசி 1988இல் ஆறு பகுதிகளாக அதை ஒளிபரப்பியிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. உறையில் இருந்த சிங்கத்தைப் பார்த்ததுமே டெக்கில் போட ஓடினேன்.

"தவசு காலத்தில படமோ? உயிர்த்த ஞாயிறு வரட்டும் பிள்ளை" என்று அம்மம்மா அதை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினா. சாவி அவவின் இடுப்பில் தொங்கியது.

பின்னேரங்களில் அம்மம்மா வியாகுலப் பிரசங்கம் வாசிப்பா. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில் மறைந்து திரிந்து பணிசெய்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதியது. அம்மம்மா வாசிக்கத் தொடங்கினால் வசனம் மெல்ல மெல்ல ஒப்பாரியாகும். மாதா தன் மகனின் உடலை மடியில் வாங்கும் இடம் வந்ததும் குரல் உடையும். முந்தானை கண்ணுக்குப் போகும். ஒவ்வொரு வருசமும் அதே இடம், அதே அழுகை.

"அவர் உயிர்த்திடுவார் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே அம்மம்மா. பிறகேன் அழுறீங்கள்?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சா அழக்கூடாதோ? அழுது முடிச்சாத்தான் பிள்ளை, அல்லேலூயா வாயில வரும்."

பெரிய வெள்ளியன்று லூசியாள் பேராலயத்தில் சனம் நிரம்பி வழிந்தது. சொரூபங்கள் ஊதாத் துணி போர்த்தி நின்றன. ஆண்டவரின் திருவுடல் சொரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள, வியர்வை வழிய நெடுநேரம் வரிசையில் நின்றோம். மறுநாள் சனிக்கிழமை, சித்திரைப் புத்தாண்டு. பக்கத்து வீட்டு அன்ரி தட்டு நிறையப் பலகாரம் அனுப்பியிருந்தா. இராப் பூசை முடியும்வரை அதை மூடியே வைத்திருந்தா அம்மா.

ஞாயிறு மத்தியானம் அலுமாரி திறந்தது. பாயை விரித்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து குந்தினார்கள். லூசி என்ற சிறுமி ஒரு அலுமாரிக்குள் நுழைந்து, கோட்டுகளை விலக்கிக்கொண்டு போய்ப் பனிக்காட்டில் வெளிப்பட்டாள். நான் பனி கண்டது கிறிஸ்மஸ் குடிலில் ஒட்டும் பஞ்சில்தான். அவளின் அண்ணன் எட்மண்ட் ஆசைப்பட்டுத் தின்ற துருக்கி இனிப்பை, நெய் ஒழுகும் மஸ்கட் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இனிப்புக்காகத்தான் அவன் கூடப்பிறந்தவர்களையே சூனியக்காரியிடம் காட்டிக்கொடுத்தான். துரோகிக்குச் சாவு என்பது நார்னியாவின் பழைய சட்டம். அவனுக்குப் பதிலாகத் தானே சாக, அஸ்லான் என்ற அந்தச் சிங்கம் இரவில் கல்மேசையை நோக்கி நடந்தது.

"நரசிம்மரை ஆராலயும் கட்டேலாது" என்றான் பக்கத்து வீட்டுப் பொடியன், உறுதியாக. ஆனால் கட்டினார்கள். பிடரிமயிரை மழித்தார்கள். சிங்கம் வாய் திறக்கவில்லை.

ஒரு சொல்லும் இங்கிலீசு தெரியாத அம்மம்மா, வெற்றிலை இடிப்பதை நிறுத்தினா.

"இது ஆண்டவர்ட பாடெல்லோ!"

வீடு அமைதியானது. லூசியும் அவளின் அக்கா சூசனும் அந்த உடலருகே இருந்து அழுதபோது, "அதுதான் மதலேன் மரியாள்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டா. விடியலில் கல்மேசை பிளந்து சிங்கம் உயிரோடு நின்றதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டா. அது பொறியால் இயங்கிய பொம்மைச் சிங்கம். மனிதன் வேடம் போட்டு அஸ்லானாக நடிப்பது தனக்குத் தெய்வநிந்தனை என்று லூயிஸ் 1959இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார் என்பதைப் பிற்காலத்தில் படித்தேன். எங்களுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. இரண்டு நாள் முன்புதான் மரச் சொரூபத்தைத் தொட்டு அழுதுவிட்டு வந்திருந்தோம்.

பிறகு புத்தகமாக வாசித்தேன். 1950இல் வெளிவந்த அதை லூயிஸ் தன் ஞானப்பிள்ளை லூசி பார்ஃபீல்டுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். லூசி எங்கள் லூசியாளின் பெயர்தான். கண்பார்வைக்காக நாங்கள் மன்றாடும் புனிதை அவ. அடுத்த கதையிலும், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அஸ்லானை முதலில் காண்பவள் லூசிதான். லூயிஸ் தாயை இழந்தது 1908இல், ஒன்பது வயதில். அஸ்லான் இறந்த இரவைச் சொல்லும் இடத்தில் அவர் கதையை நிறுத்தி, கண்ணீர் வற்றும்வரை இரவெல்லாம் அழுத பிள்ளையோடு நேரே பேசுகிறார். அப்படி அழுத பின் வரும் ஒரு அமைதியைச் சொல்கிறார். அம்மம்மா சொன்னதும் அதைத்தான்.

2005இல் அன்ட்ரூ அடம்சன் இயக்கிய பெரிய படம் வந்தது. கணினியில் வரைந்த சிங்கம் மூச்சுவிட்டது, உறுமியது, அழகுக்குக் குறையில்லை. ஆனால் புத்தகத்தில் சில பக்கங்களில் முடியும் போர் அங்கே நீண்டுகொண்டே போனது. சிறுமிகளின் இரவோ விரைவில் விடிந்துவிட்டது. இந்தக் கதையின் கிறிஸ்தவம் அந்த இரவில்தான் இருக்கிறது, வாள்வீச்சில் இல்லை. அம்மம்மா அப்போது இல்லை. இருந்திருந்தால் "ஏன் இப்பிடி ஓடுறாங்கள்?" என்று கேட்டிருப்பா.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் வீட்டுக்குக் கிட்ட, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. நாடெங்கும் அன்று இறந்தவர்கள் 250க்கும் மேல். அல்லேலூயா பாடப் போனவர்களை எங்கள் தெருக்கள் பெட்டியில் வைத்துச் சுமந்தன. விடிந்துவிடும் என்று யாரும் யாருக்கும் அவசரமாக ஆறுதல் சொல்லவில்லை. கத்தோலிக்கர் வீட்டு வாசலில் சைவரும் வந்து பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். கல்மேசையருகே அந்தச் சிறுமிகள் செய்ததும் அதுதான்.

உங்கள் பிள்ளைக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டுங்கள். படத்தையும் போட்டுக் காட்டுங்கள். ஆனால் பிள்ளை பயப்படும், அழும் என்று அந்த ஒரு இரவை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பக்கத்தில் இருங்கள், அழட்டும்.