கண்மூடிக் கடந்த கடல்

பயணக் கட்டுரை எழுதுவோர் தாம் கண்டவற்றை எழுதுவர். நான் எழுதப் புகுவதோ கண்களை மூடிக்கொண்டு சென்ற ஒரு பயணத்தைப் பற்றி. பலாலியிலிருந்து சென்னைக்குப் பாக்குநீரிணையின் மேலாகப் பறந்து சென்றும், அக்கடலில் ஓர் அலையையேனும் நான் பார்த்திலேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழைநாளொன்றில், கல்லூரி விட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஒழுங்கையொன்றிலிருந்து பாய்ந்து வந்த நாய்க்கு விலகப்போய்ச் சறுக்கி விழுந்தேன். தலை தார்வீதியில் மோதியது. எழுந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்தேனாம். அந்த நடையின் நினைவு இன்றுவரை எனக்கில்லை.

வைத்தியசாலையில் சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டில் வெடிப்பில்லை, உள்ளே இரத்தக்கசிவும் இல்லை. எனக்கு நேர்ந்தது மூளையதிர்ச்சி என்றார் வைத்தியர். முதலிரண்டு நாளும் நல்ல ஓய்வு வேண்டும், பின்னர் சிறிது சிறிதாக வழமைக்குத் திரும்பலாம், பெரியவர்களிற் பெரும்பாலோர் இரண்டு கிழமையளவில் தேறிவிடுவர், பிள்ளைகளுக்கு ஒரு மாதமும் செல்லலாம் என்று விளக்கினார். தலைவலி வரவரக் கூடினாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலோ, அளவுமீறி உறக்கம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ, கைகால் சோர்ந்தாலோ ஒரு கணமும் தாமதியாது வரவேண்டும் என்றும் எச்சரித்தார்.

புறத்தே ஒரு கட்டுமில்லை. ஆயினும், வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அடுக்களையில் கரண்டி விழுந்தாலும் தலைக்குள் இடி இறங்கியது. ஆண்டுக்கணக்காக நாவிற் பழகிய சொற்கள் அழைத்தபோது வர மறுத்தன. சொல்லையே தொழிலாகக் கொண்ட ஆசிரியனுக்கு இதைவிட அச்சம் வேறென்ன?

இந்நிலையில், விழுந்த பன்னிரண்டாம் நாள் சென்னையில் ஒரு திருமணம். மணமகள், காலஞ்சென்ற என் தமையனாரின் ஒரே மகள். தந்தையின் இடத்தில் நின்று கன்னிகாதானம் செய்துகொடுக்க வேண்டியவன் நான். முகூர்த்தம் என் தலைவலிக்காகக் காத்திராது. ஆனால், அடிபட்ட தலையோடு ஆகாயத்தில் ஏறலாமா?

வைத்தியரிடமே கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் பலருக்கும் பயன்படும். பெரிய ஜெற் விமானங்கள் 35,000 அடி உயரத்திற் பறந்தாலும், உள்ளேயுள்ள காற்றமுக்கம் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குக் குறையாதவாறு பேணப்படுகிறது. அது நமது பீதுருதாலகாலை மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்பதை ஒக்கும். அங்கே ஒட்சிசன் சிறிது குறையும். அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு விரியும். ஆதலால், மண்டையோடு வெடித்தவர்களும், தலையிற் சத்திரசிகிச்சை பெற்றவர்களும், உள்ளே இரத்தம் கசிந்தவர்களும் வைத்தியர் அனுமதிக்கும்வரை பறத்தலாகாது. அத்தகைய கேடொன்றும் இல்லாத வெறும் மூளையதிர்ச்சிக்கு அமுக்கம் பகையன்று. இரைச்சலும், வெளிச்சமும், அவசரமும், பாரம் தூக்குவதுமே பகை. எல்லாவற்றிலும் கொடியது, ஆறுமுன் தலையில் விழும் இரண்டாவது அடி.

"போகலாம், ஆனால் தனியே போகாதீர்கள். சக்கர நாற்காலி கேளுங்கள்" என்று கடிதமும் எழுதித் தந்தார்.

பலாலிக்கும் சென்னைக்கும் உள்ள ஆகாயவழி இன்று நேற்றுத் திறந்ததன்று. எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணமே 1947 டிசெம்பர் 10ஆம் நாள், இரத்மலானையிலிருந்து இவ்வழியாகச் சென்னைக்குச் சென்றது. பின்னர் நெடுங்காலம் மூடிக்கிடந்த இவ்வழி 2019 ஒக்டோபரில் மீண்டும் திறந்தது. கொரோனாக் காலத்தில் நின்று, 2022 டிசெம்பரில் மறுபடியும் தொடங்கியது. ஒன்றேகால் மணி நேரப் பறப்புத்தான். யன்னலோர ஆசனத்திலிருந்து இக்கடலைப் பார்க்கவேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை.

விமான நிலையத்திற் சக்கர நாற்காலியில் அமர்ந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. பழைய மாணவர் இருவர் வணக்கம் சொன்னார்கள். "சேருக்குக் காலிலையோ?" என்றான் ஒருவன். காலில் ஒன்றுமில்லை, தலையிலும் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. என்ன சொல்வது?

அது இரு சுழலிகள் கொண்ட சிறு விமானம். பின்பக்கத்துச் சிறு படிகளில் மனைவி முன்னே ஏற, கைபிடியைப் பற்றி ஏறினேன். யன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தேன். காதிற் பஞ்சு, கண்ணிற் கறுப்புக் கண்ணாடி, கையில் தண்ணீர்ப்போத்தல், சட்டைப்பையில் மருந்து. சுழலிகளின் அதிர்வு ஆசனத்தின் வழியே முதுகில் ஏறியது. கண்களை மூடினேன்.

"இஞ்சாருங்கோ, கரை தெரியுது. வெள்ளை நுரை" என்று அவள் மெல்லச் சொன்னாள். சற்றுப் பொறுத்து, "இப்ப முழுக்கக் கடல். ரெண்டு வள்ளம் நிக்குது" என்றாள். அவள் கண்ணால் நான் கடல் கண்டேன்.

மூடிய கண்ணுக்குள்ளோ வேறொரு காட்சி. முந்திய ஆண்டு, கல்லூரி மைதானத்திற் பந்து தலையிற் பட்ட ஒரு மாணவன், அடுத்த நாள் வகுப்பில் மேசைமேற் கவிழ்ந்து கிடந்தான். "தலை இடிக்குது சேர். வெளிச்சம் பாக்கேலாமல் கிடக்கு" என்றான். நெற்றியைப் பார்த்தேன், வீக்கமில்லை. "காயமில்லாத வருத்தமோ? எழும்பி எழுது" என்றேன். வகுப்புச் சிரித்தது. அவன் எழுதினான். அவனுக்குக் கேடொன்றும் நேராதது என் நற்பேறு, என் அறிவன்று.

திருமண மண்டபத்தில், முகூர்த்தம் வரை பின்னறையொன்றில் இருட்டிற் படுத்திருந்தேன். அழைத்ததும் எழுந்து சென்று, தமையனின் பிள்ளையின் கையை மணமகன் கையில் வைத்தேன். கெட்டிமேளம் முழங்கியபோது தலை பிளந்தது. ஆயினும் மனம் நிறைந்திருந்தது.

பத்து நாள் கழித்துத் திரும்பியபோது, யன்னலோரத்தில் நானே இருந்து கடலைக் கண்டேன். நீலம், அதில் வெயில், பின்னர் நமது பனைகள். அழகுதான். ஆனாலும், எழுதத் தூண்டியது முதற் பயணமே.

கல்லூரிக்குச் சென்ற முதல்நாள், அந்த மாணவனைத் தேடிப்போனேன். மேல்வகுப்பில் இருந்தான். "தம்பி, அண்டைக்கு நான் சொன்னது பிழை" என்றேன். அவன் திகைத்து எழுந்து நின்றான். பிறகு, "இப்ப உங்களுக்குச் சுகமோ சேர்?" என்று கேட்டான்.

அன்று நான் அவனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.